செக்போஸ்ட் பக்கத்துல ஒரு ஆர்மி பொண்ணு

எங்க ஊர் வாயனசாலைல, அதாவது படிப்பகத்துல, மாசத்துக்கு ஒருத்தர் ஒரு விஷயத்த எடுத்து பேசணும். என் முறை வந்தப்போ "பாட்டுக்காரங்க பசங்கள கெடுக்கறாங்களா"ன்னு தலைப்ப கையில குடுத்துட்டாங்க. நான் மைக் செட் வாடகைக்கு விடறவன், பாக்ஸ் தூக்கி தூக்கி முதுகு போனவன், உலகத்துல இருக்கற பசங்கள பத்தியெல்லாம் எனக்கு என்ன தெரியும். ஒரே ஒரு கேஸ் தெரியும், எங்க அக்கா பொண்ணு, பி.டி.எஸ்.னு ஏழு பேர் இருக்கற கொரியா பாட்டு கோஷ்டியோட ஃபேன், அந்த ஃபேன்ஸுக்கு பேரு தான் ஆர்மி. அவள பத்தி மட்டும் சொல்றேன்னு அரை மணி நேரம் பேசினேன், முடிச்சதும் ஆளாளுக்கு ஒண்ணொண்ணு கேட்டாங்க, அதையும் சேர்த்து இப்ப முழுசா எழுதறேன். பேர் போடக்கூடாது, ஃபோட்டோ கூடாது, "லூசு மாதிரி இருந்தேன்னு எழுதாதீங்க மாமா"ன்னு அவ மூணு கண்டிஷன் போட்டிருக்கா. மூணாவது கண்டிஷன முழுசா காப்பாத்த முடியல.

முதல்ல ஊர சொல்லிடறேன், இல்லன்னா கேஸ் புரியாது. கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகா. ஒரு பக்கம் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா கோயமுத்தூர் ரோடு, இன்னொரு பக்கம் கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி. 1956 நவம்பர் 1ல மாநிலம் பிரிச்சப்ப நாங்க கேரளா, அதுக்கு முன்னாடியும் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்துல தான் இருந்துச்சு, அதனால யாரோ எங்கள தூக்கி இந்த பக்கம் போட்டுட்டாங்கன்னு அழறதுக்கும் வழியில்ல. வீட்டுல பேசறது கொங்கு தமிழ், வில்லேஜ் ஆபீஸ், ரேஷன் கடை, பஸ் போர்டு எல்லாம் மலையாளம், டீக்கடைல ரெண்டும் கலந்த ஒண்ணு. சித்தூர் பகவதி கோயில்ல கொங்கன்படைன்னு திருவிழா நடக்கும், படையெடுத்து வந்த கொங்கு ராஜாவ பகவதி விரட்டியடிச்ச கதை. கொங்கு பேசற நாங்களும் குடும்பத்தோட போய் பொரி வாங்கி தின்னுக்கிட்டே எங்க தோல்விய வேடிக்க பார்த்துட்டு வருவோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணாது, எனக்கே இத எழுதும்போது தான் தோணுது.

பாட்டு எல்லை தாண்டறதும் எங்க மண்ணுக்கு புதுசில்ல. தமிழ்நாடே தன் சொத்துன்னு நெனைக்கற எம்.எஸ்.விஸ்வநாதன் 1928ல பொறந்தது பக்கத்து எலப்புள்ளில. பி.லீலா சித்தூர்க்காரங்க. ஆனா இவங்கெல்லாம் மெட்ராஸ் போய் அங்க என்ன தமிழோ அந்த தமிழ்ல பேர் வாங்கினவங்க, எங்க வீட்டு திண்ணைல பேசற பேச்சு எந்த ரெக்கார்டுலயும் ஏறல. சினிமால எப்பவாச்சும் "ஏனுங்"ன்னு யாராச்சும் பேசினா அடுத்த நிமிஷம் ஜோக் வரும்னு அர்த்தம். இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

2020 லாக்டவுன்ல அவ எட்டாவது, தமிழ் மீடியம். ஆன்லைன் கிளாஸுக்குன்னு அக்கா ஃபோன் வாங்கி குடுத்தா, அந்த ஆகஸ்ட் மாசம் 21ந் தேதி பி.டி.எஸ்.ஸோட முதல் முழு இங்கிலீஷ் பாட்டு டைனமைட் வந்துச்சு, அது அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பாட்டு லிஸ்ட்ல முதல் இடம் போச்சு, கொரியாக்காரங்க யாரும் அதுக்கு முன்னாடி அங்க முதல் இடம் போனதில்ல. இதெல்லாம் நானா தேடி படிச்சதில்ல, சாப்பாட்டு தட்டு முன்னாடி உட்கார வச்சு அவ ஒப்பிச்சது. ஏழு பேரு, யாரு எந்த ஊர்ல பொறந்தாங்க, யாருக்கு என்ன அலர்ஜி வரைக்கும் தெரியும், ஆனா எங்கப்பா, அதாவது அவளோட அப்புச்சி, எந்த வருசம் செத்தாருன்னு கேட்டா முழிப்பா.

இந்த முதல் ரெண்டு வருசத்த நான் வெள்ளையடிக்க போறதில்ல. கண்ணாடி மாதிரி தோல் வரணும்னு அரிசி கழுவின தண்ணிய மூஞ்சில ஊத்தினா, அது பரவால்ல, அப்புறம் சோறு திங்கறத நிறுத்தினா. அந்த ஏழு பேர் ஒல்லியா இருக்கறதுக்காக கொழிஞ்சாம்பாறைல ஒரு வளர்ற புள்ள மூணு மாசம் ராத்திரி ஒரு வெள்ளரிக்காய தின்னுட்டு படுத்திருக்கா, எங்க யாருக்கும் தெரியல, ஸ்கூல்ல மயங்கி விழுந்தப்புறம் தான் தெரிஞ்சுது. டாக்டர் ரத்தம் கம்மின்னு மாத்திர எழுதினார். ஃபோட்டோ கார்டுன்னு ஒண்ணு, விசிட்டிங் கார்டு சைஸ்ல ஒரு படம், அத வாங்க சைக்கிள் ரிப்பேர் காசு போச்சு, வந்தது டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சு ரெண்டு நாள் அழுதா. "கெடுக்கறாங்களா"ன்னு கேட்ட வாயனசாலை தலைவருக்கு இந்த பாகம் ரொம்ப புடிச்சுது, தலைய ஆட்டிக்கிட்டே இருந்தார்.

நானும் அப்ப அவர் கட்சி தான். ஒரு தடவ டிவில அந்த பசங்க லிப்ஸ்டிக் போட்டு வந்தத பார்த்துட்டு "இதென்ன ஆம்பளைங்களா"ன்னு கேட்டுட்டேன். அவ திரும்பி "மாமா, நீங்க பொறாட்டு நாடகத்துக்கு மைக் கட்டறீங்கள்ல, அங்க குறத்தி வேஷம் கட்டறது யாரு"ன்னா. பொறாட்டு எங்க பாலக்காட்டு பக்கத்து கூத்து, தமிழும் மலையாளமும் கலந்து பாடுவாங்க, பொம்பள வேஷமும் ஆம்பள தான் கட்டுவாங்க, விடிய விடிய பவுடர் பூசின மீச இல்லாத மூஞ்சிகளுக்கு நான் தான் மைக் நீட்டிட்டு இருந்திருக்கேன். வாய மூடிக்கிட்டேன். எங்க கடைல ஒரு பையன் இருந்தான், நல்லா ஆடுவான், அவனும் இந்த கோஷ்டி ஃபேன், ஆனா கிரவுண்டுல மத்தவங்க கிண்டல் தாங்காம முடிய ஒட்ட வெட்டிட்டு ஜிம்முக்கு போயிட்டான். அவன் கத தனி கேஸ்.

கேஸ்ல திருப்பம் 2023 ஜூலைல, பிளஸ் ஒன் சேர்ந்தப்ப. பத்தாவது வரைக்கும் சுத்தி எல்லாம் நம்ம பேச்சு. பிளஸ் ஒன்னுக்கு கொஞ்சம் தள்ளி வேற ஸ்கூல், சுத்தி மலையாளம். இவளுக்கு மலையாளம் நல்லாவே வரும், ஆனா இழுவைல கொங்கு வாடை அடிக்கும். ரெண்டாவது வாரமே "பாண்டி"ன்னு பேர் வச்சுட்டாங்க. கேரளாவுல இந்த வார்த்தைய லாரிக்கும் சொல்வாங்க, ஆளுக்கும் சொல்வாங்க, சொல்றவங்க பாதி பேருக்கு அது குத்தும்னே தெரியாது, குத்து வாங்கினவங்களுக்கு தெரியும். வேடிக்க என்னன்னா பொள்ளாச்சில கல்யாணத்துக்கு போனா அங்க சொந்தக்காரங்க "மலையாளத்துக்காரி வந்துட்டா"ம்பாங்க. புள்ள பேச்ச கொறச்சுட்டா. வீட்டுலயும் "செரி", "இல்ல", "பசிக்கல". அமுச்சிகிட்ட, அதாவது எங்கம்மாகிட்ட, ஸ்கூல் வாசலுக்கு வராதீங்கன்னு சொல்லியிருக்கா, ஏன்னா கெழவி சத்தமா பேசும்.

அந்த சமயத்துல தான் ஒரு நாள் ராத்திரி பி.டி.எஸ். பழைய பாட்டுகள நோண்டிட்டு இருந்தவளுக்கு 2013ல வந்த ஒரு பாட்டு மாட்டிச்சு. அந்த ஏழு பேர்ல அஞ்சு பேர் சியோல் பக்கத்து ஆளுங்க கிடையாது. சுகாவும் வியும் தேகு பக்கம், ஜிமினும் ஜங்குக்கும் பூசான், ஜேஹோப் குவாங்ஜு. சியோல்காரனுக்கு தேகு பேச்சும் பூசான் பேச்சும் பட்டிக்காட்டு பேச்சு, சாதூரின்னு சொல்வாங்களாம், அதாவது வட்டார வழக்கு. டிவில வர்றதுக்கு பல பேர் அத மறச்சு சியோல் பேச்சுக்கு மாறிடுவாங்க. இந்த பாட்டுல சுகா அவங்கூரு பேச்சுலயும் ஜேஹோப் அவங்கூரு பேச்சுலயும் ராப்ல மோதிக்குவாங்க, அந்த ரெண்டு வட்டாரத்துக்கும் அரசியல்ல பழைய பகை வேற இருக்கு, கடைசில எல்லாம் ஒரே பாஷை தானேன்னு பாட்டு முடியும். பெரிய ஹிட்டெல்லாம் இல்ல, புதுசா வந்த ஃபேன்ஸ் நெறய பேருக்கு தெரியாத பாட்டு. இவ அத எத்தன தடவ கேட்டான்னு எனக்கு தெரியும், ஏன்னா என் மிக்சர்ல சொருகி கேட்டா, பக்கத்து வீட்டுல வந்து கேக்கற அளவுக்கு.

அடுத்த நாள் என்கிட்ட கேட்டா, "நம்ம சாதூரில யாராச்சும் பாடியிருக்காங்களா மாமா?"

நான் யோசிச்சுட்டு நஞ்சியம்மாவ சொன்னேன். எங்க மாவட்டம் தான், அட்டப்பாடி, ஆனா எங்க ஊர்ல இருந்து கோயமுத்தூர் போய் ஆனைகட்டி வழியா திரும்ப கேரளாவுக்குள்ள நுழையலாம், அப்படி ஒரு மாவட்டம். இருளர் அம்மா, ஆடு மாடு மேய்ச்சவங்க, அய்யப்பனும் கோஷியும் படத்துல அவங்க பாஷைலயே பாடினாங்க, மலையாளிக்கு பாதி புரிஞ்சுது, நமக்கு பாதி புரிஞ்சுது, ரெண்டு பேரும் முழுசா ரசிச்சாங்க. 2022 ஜூலைல தேசிய விருது அறிவிச்சப்ப சிறந்த பாடகி அவங்க. உடனே ஒரு இசைக்காரர் சங்கீதம் முறையா படிச்சவங்களுக்கு இது அவமானம்ங்கற மாதிரி பேச, பெரிய பெரிய பாடகருங்க அந்தம்மா பக்கம் நின்னாங்க. 2025 ஜனவரில திருவனந்தபுரத்துல நடந்த ஸ்கூல் கலோத்சவத்துல இருள நிருத்தம் முதல் தடவையா போட்டி ஐட்டமா வந்துச்சு, அதுக்கும் இந்த விருதுக்கும் நேர் சம்பந்தம்னு நான் சொல்ல வரல, ஆனா எனக்கு அது ஒரே வரிசைல தான் தெரியுது. அவ கேட்டுட்டு, "அவங்க அவங்க பாஷைல பாடினாங்க, நம்மளுது யாரு"ன்னு விடல. என்கிட்ட பதில் இல்ல.

இதுக்கு நடுவுல 2024 ஜனவரி. கரூர் மாவட்டத்துல எட்டாவது படிக்கற மூணு பொண்ணுங்க, பி.டி.எஸ்.ஸ நேர்ல பாக்கறோம்னு கையில 14,000 ரூபாயோட கெளம்பி, விசாகப்பட்டினம் போய் கப்பல் ஏறி கொரியா போறதா பிளான், சென்னை வரைக்கும் போய்ட்டு திரும்பும்போது காட்பாடி ஸ்டேஷன்ல மீட்டாங்க. பேப்பர்ல வந்த அன்னைக்கே எங்கக்கா ஃபோன புடுங்கி பீரோல வச்சு பூட்டிட்டா, பரீட்ச முடியற வரைக்கும் கெடையாதுன்னுட்டா. ரெண்டரை மாசம். எனக்கு அந்த கரூர் புள்ளைங்க மேல கோவமே வரல, 14,000 ரூபாய்க்கு கடல் தாண்டிடலாம்னு நம்பற வயசு எல்லாருக்கும் வந்துட்டு தான் போகுது, நான் 1990கள்ல இளையராஜா வீட்டு வாசல்ல நிக்க மெட்ராஸுக்கு லாரி ஏறினவன், இத அக்காகிட்ட சொல்லல.

ஃபோன் இல்லாத ரெண்டரை மாசம் தான் இந்த கேஸோட நடு எலும்பு. புள்ளைக்கு பேச்சு துணைக்கு கெழவி மட்டும். சாயங்காலம் வாசல்ல உக்காந்து கெழவி பேசறத ஒரு நோட்டுல எழுதுவா. அக்கா ஒரு நாள் திறந்து பார்த்தா முழுக்க கொரியா எழுத்து, அய்யோ இவ யாருக்கோ லெட்டர் எழுதறான்னு என்ன கூப்பிட்டா. நான் அவளையே படிக்க சொன்னேன். படிச்சா: "ஒறம்பரை. சித்தெ இரு. அக்கட்டால போ. வட்டல். பொறவு பாக்கலாம்." எங்கம்மா வாய்ல இருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் கொரியா எழுத்துல. அந்த பாஷைல ர, ல, ள, ழ எல்லாத்துக்கும் ஒரே எழுத்தாம், அதனால ழ வர்ற எடத்துல எல்லாம் சிவப்பு பேனால ஒரு சுழி போட்டு வச்சிருந்தா. எதுக்கு தமிழ்லயே எழுதாம இப்படின்னு கேட்டதுக்கு, தமிழ்ல எழுதினா ஒறம்பரைக்கு கை தானா "விருந்தாளி"ன்னு எழுதுது மாமா, ஸ்கூல்ல அப்படித்தான் பழக்கிட்டாங்க, இந்த எழுத்துல எழுதினா காதுல விழுந்தத அப்படியே எழுத முடியுதுன்னா. இத கேட்டு நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அம்மா அப்பாங்கற வார்த்த ரெண்டு பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு, அதனால கொரியாவும் தமிழும் சொந்தம்னு அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சொல்வாங்க, எனக்கு அந்த கதைல நம்பிக்க இல்ல, அம்மாங்கற சத்தம் எந்த ஊர் கொழந்தைக்கும் வரும். ஆனா இந்த நோட்டு வேற சங்கதி.

2024 ஏப்ரல் 14, விஷுவும் சித்திரை ஒண்ணும் ஒரே நாள், எங்க கிளப்பு ஆண்டு விழா. கேரளாவுல 26ந் தேதி ஓட்டு, நடத்தை விதி ஓடிட்டு இருந்ததால ராத்திரி 10 மணிக்கு மேல மைக் கூடாதுன்னு போலீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க, ஐட்டம் எல்லாம் இறுக்கி புடிச்சோம். கைகொட்டிக்களி, சின்ன புள்ளைங்க டான்ஸ், கானமேளா. அந்த வருசம் மஞ்சும்மல் பாய்ஸ் வந்து ரெண்டு மாசம் தான் ஆகுது, 1991 குணா பாட்ட மலையாள பசங்க எல்லாம் தமிழ் வசனத்தோட மனப்பாடமா பாடிட்டு திரிஞ்சாங்க, பிளஸ் ஒன்ல இவள பாண்டின்னு கூப்பிட்டவளே வந்து ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டாளாம். கமிட்டில இவ ராப்புன்னு பேர் குடுத்தா. செக்ரட்டரி கேட்டார், "எந்த பாஷை?" "நம்ம பாஷை." "நம்ம பாஷைன்னா மலையாளமா தமிழா, நோட்டீஸ்ல போடணும்ல?" அவ யோசிச்சு, "கொழிஞ்சாம்பாறைன்னு போடுங்க"ன்னா. அச்சடிச்சவர் "ராப் (தமிழ்)"னு போட்டுட்டார்.

மேடை ஏறினா, லேப்டாப் பீட், என் மைக் முதல் வரிலயே விசிலடிச்சு மானத்த வாங்கிச்சு. மொத்தம் மூணு நிமிஷத்துக்கும் கம்மி. ஞாபகம் இருக்கற வரி:

"சாயா குடிக்க கேரளா, சந்தைக்கு போக பொள்ளாச்சி,
ரேஷன் கார்டு மலையாளம், வையறதெல்லாம் எங்கமுச்சி.
ஒறம்பரை வந்தா எளநி வெட்டு, ஆபீசர் வந்தா வாயக்கட்டு,
அக்கட்டயும் ஊருதானுங், இக்கட்டயும் ஊருதானுங்,
நடுவால நிக்கறவளுக்கு செக்போஸ்ட்டே பேருதானுங்."

என்ன ஆச்சுன்னா, ஜனம் சிரிச்சுது. கிண்டலா இல்ல, காமெடின்னு நெனச்சு. முன்னாடியே சொன்னேன்ல, மேடைல "ஏனுங்"ன்னு கேட்டா அடுத்தது ஜோக்குன்னு அம்பது வருச சினிமா பழக்கம். "வாயக்கட்டு" வரிக்கு சிரிக்க ஒண்ணுமே இல்ல, அதுக்கும் சிரிச்சாங்க. புள்ள மூஞ்சி மாறிடுச்சு, நான் மிக்சர் கிட்ட இருந்து பாத்துட்டே இருக்கேன், ஆனா நிறுத்தல, கடைசி ரெண்டு வரிய திரும்ப பாடினா, மூணாவது தடவையும் பாடினா, மூணாவது தடவ பின்னாடி நின்ன டெம்போ டிரைவருங்க, கள்ளுக்கடை பசங்க எல்லாம் "தானுங்"க்கு சேர்ந்து கத்தினாங்க. அது வெற்றியா என்னன்னு எனக்கு இன்னும் தெரியல.

வீட்டுக்கு வந்தா கெழவி ஒரே அழுகை. "எங்கூட்டு பேச்ச மேடைல ஏத்தி ஊரே சிரிக்க வெச்சுட்டியேடி, நான் உன்கிட்ட நம்பி பேசினதெல்லாம் இதுக்கா." ரெண்டு நாள் பேசல. இத வாயனசாலைல சொன்னப்ப ஒருத்தர் கேட்டார், அப்ப அந்த பொண்ணு செஞ்சது தப்பான்னு. தப்பில்ல, ஆனா கெழவி அழுததும் தப்பில்ல. பேத்திக்கு அது கிரீடம், கெழவிக்கு அது சின்ன வயசுல சித்தூர் ஆபீஸ்ல பேசி அவமானப்பட்ட வாய். ரெண்டுக்கும் நடுவுல 60 வருசம் இருக்கு. கொரியால தேகுகாரன் அவங்கூரு பேச்சுல பாடினதும் அவங்க பாட்டிங்க என்ன சொன்னாங்களோ, அத எந்த ஃபேனும் கேட்டு சொல்லல.

அடுத்த வாரம் பாண்டின்னு கூப்பிட்ட அதே பொண்ணு வீடியோவ வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல "அடிபொளி"ன்னு போட்டுச்சு, நல்ல மனசோட தான். இவளுக்கு அதுலயும் ஒரு எரிச்சல், "முன்னாடி பாண்டி, இப்ப க்யூட், ரெண்டுலயும் நான் இல்ல மாமா"ன்னா. எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப புடிச்ச வாக்கியம் இது தான். பி.டி.எஸ். அவளுக்கு குடுத்தது ஒரு அனுமதி சீட்டு, மேடைக்கு வரலாம்னு. மேடைல என்ன சொல்லணும்ங்கறத குடுத்தது வாசல்ல உக்காந்திருந்த கெழவி. சொன்னத ஜனம் எப்படி வாங்கிக்கும்ங்கறது ரெண்டு பேர் கையிலயும் இல்ல. தலைவர் கேட்ட "கெடுக்கறாங்களா"க்கு என் பதில், வெள்ளரிக்காய் மூணு மாசத்துக்கு ஆமா, நோட்டுக்கு இல்ல, ரெண்டையும் கூட்டி கழிச்சு ஒரு நம்பர் கேட்டா என்கிட்ட இல்ல. இன்னொண்ணும் சொல்லணும், அதே பாட்டுகள கேட்ட அவ கிளாஸ் புள்ளைங்க வேற யாரும் நோட்டு எழுதல. இவளுக்கு எட்டாவதுல வந்த தமிழ் டீச்சர் நல்லவங்க, வீட்டுல வாயாடி கெழவி இருந்துச்சு, மாமா கிட்ட மிக்சர் இருந்துச்சு, அக்கா ஃபோன புடுங்கினா. இதுல எத எடுத்துட்டாலும் கேஸ் வேற மாதிரி போயிருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு தடவ வேலந்தாவளம் பக்கம் ஒரு கோயில் சாட்டுல பாடினா, அப்புறம் விட்டுட்டா. இப்ப பி.காம். படிக்கறா. சித்தூர் காலேஜ்ல தமிழ் துறையே இருக்கு, அதுல சேருவான்னு நான் நெனச்சேன், "கணக்கு தான் மாமா சோறு"ன்னுட்டா. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மலையாளம் தான், இழுவை அப்படியே இருக்கு, மாத்தறதில்ல. ஸ்கூல் வாசலுக்கு வராதேன்னு சொன்ன கெழவிய காலேஜ் டேக்கு கூட்டிட்டு போனா, அங்க போய் கெழவி பிரின்சிபால்கிட்ட "ஏனுங், புள்ள ஒழுங்கா படிக்குதுங்களா"ன்னு கேட்டுச்சாம். நோட்டு இப்ப ரெண்டாவது நோட்டு, இன்னும் அதே எழுத்து, அதே சிவப்பு சுழி.

2025 ஜூனுக்குள்ள பி.டி.எஸ். ஏழு பேரும் அவங்க நாட்டு கட்டாய ராணுவ சேவைய முடிச்சுட்டு வந்துட்டாங்க, புது ஆல்பம், உலக டூர்னு அறிவிச்ச அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல பாயசம். கரூர் புள்ளைங்கள ஞாபகம் வச்சுக்கிட்டு நான் சும்மா சீண்டினேன், என்ன, நீயும் கப்பல் ஏற போறியான்னு. "சீட்டு போட்டுட்டு இருக்கேன் மாமா, 18 முடிஞ்சுது, பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு, போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்தா மலையாளத்துல நீங்க பேசாதீங்க, ஏதாச்சும் உளறி வச்சுருவீங்க, அமுச்சிய பேச சொல்லுங்க"ன்னா.